கேமும் அனிமேஷனும் ஒரே பெட்டியில்: தென்னாப்பிரிக்காவில் கைக்கு அடக்கமாகக் கணினி கட்ட அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ரேண்டின் மதிப்பும் மெமரி விலையும் மாறுகிற வேகத்தில், இன்று எழுதும் தொகை அடுத்த மாதம் உதவாது. எதற்கு எவ்வளவு பங்கு ஒதுக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மகள் மெட்ரிக் முடித்து அனிமேஷன் படிக்கப் போகிறாள். தம்பிக்கு கேம் விளையாட வேண்டும். ஒரே கணினி போதுமா?

போதும். ஆனால் இருவருடைய தேவையும் ஒன்றல்ல. கேமுக்கு வேகம் வேண்டும். அனிமேஷனுக்கு இடம் வேண்டும். கேமில் கார்டு கொஞ்சம் மெதுவாக இருந்தால் செட்டிங்கைக் குறைத்துவிட்டு விளையாடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அனிமேஷனில் மெமரி போதவில்லையென்றால் காட்சி ரெண்டர் ஆகாமல் (கணினி அதைக் கணக்கிட்டுப் படமாக்காமல்) நின்றுவிடும், அல்லது பத்து மடங்கு நேரம் இழுக்கும். யூடியூபில் பார்க்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கேமில் எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. அதைப் பார்த்து வாங்கினால் தம்பிக்கு நல்ல கணினி அமையும், அக்காவுக்கு அமையாது. இந்தப் பக்கம் முழுக்க நான் அக்கா பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: அவள் செய்யப்போவது 2டியா, 3டியா? கையால் வரையும் 2டி அனிமேஷனுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. அந்தப் பணத்தை நல்ல பேனா டேப்லெட்டிலும் ரேமிலும் போடுங்கள். கீழே வருவது எல்லாம் பிளெண்டர் போன்ற மென்பொருளில் செய்யும் 3டி வேலையை மனதில் வைத்தது.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

முதலில் மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் மூன்றுக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். மீதியில் நூறு ரேண்டுக்குக் கணக்குப் போட்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு 35, பிராசசரும் மதர்போர்டும் சேர்த்து 25, ரேமுக்கு 18, பவர் சப்ளைக்கு 9, எஸ்எஸ்டிக்கு 8, கேஸுக்கு (வெளிப்பெட்டி) 5. கேமுக்கு மட்டும் என்றால் கார்டின் பங்கை 45 வரை கூட்டலாம். பவர் சப்ளை பங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

எந்தக் கிராபிக்ஸ் கார்டு?

பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் ஒரே விலைக்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகள்தான் முன்னால் நிற்கின்றன. அவற்றில் இருக்கும் ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிடும்) வன்பொருளை என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறை நன்றாகப் பயன்படுத்துகிறது. ஏஎம்டி கார்டும் இன்டெல் ஆர்க்கும் சைக்கிள்ஸில் ஓடும். ஆனால் கல்லூரியில் மாயா என்ற 3டி மென்பொருளையும் ஆர்னால்டு என்ற ரெண்டர் மென்பொருளையும் சொல்லிக்கொடுத்தால், ஆர்னால்டை கிராபிக்ஸ் கார்டில் ஓட்டி ரெண்டர் செய்ய என்விடியா தவிர வேறு வழியில்லை. பாடத்திட்டத்தில் என்ன மென்பொருள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது கார்டில் இருக்கும் மெமரி, அதாவது விரேம். ஒரு 4கே டெக்ஸ்ச்சர் படம் கோப்பாகச் சில எம்பிதான் இருக்கும். கார்டுக்குள் போகும்போது சுருக்கம் பிரிந்து 64 எம்பி ஆகிவிடும்: 4096 பெருக்கல் 4096 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட். ஒரு பொருளுக்கு நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் என்று மூன்று படம் போட்டால் ஏறக்குறைய 190 எம்பி. அப்படி நாற்பது பொருள் காட்சியில் இருந்தால் 8 ஜிபி கார்டு அதிலேயே நிரம்பிவிட்டது. உருவங்களுக்கும் ஒளிக்கும் இடமே இல்லை. நிரம்பிய பிறகு கணினியின் ரேமைக் கடன் வாங்கி ஓட்டப் பார்க்கும். அப்போதுதான் அந்தப் பத்து மடங்கு தாமதம்.

அதனால் என் வரிசை இது. கை தாராளமாக இருந்தால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. கை இறுக்கமாக இருந்தால் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. 2021இல் வந்த கார்டு, கேமில் புதிய 8 ஜிபி கார்டுகளுக்குப் பின்னால்தான் வரும், ஆனால் அக்காவின் காட்சி அதில் கொள்ளும். கேம் முக்கால் பங்கு, பிளெண்டர் கால் பங்கு என்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி நல்ல பேரம். இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது. பழைய பிராசசரோடு சேர்த்தால் கேமில் சோர்ந்துபோகும், புதிய பிராசசரோடு மட்டும் வாங்குங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டும் அதே பெயரில் 8 ஜிபியிலும் விற்கின்றன. 3060இலும் பிற்பாடு ஒரு 8 ஜிபி வகை வந்தது, அது வேகத்திலும் மட்டம். விளம்பரத்தில் பெயரைப் பார்த்துவிட்டு நகராதீர்கள், ஜிபி எண்ணைப் பாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டால் அது பெரும்பாலும் 8தான்.

பிராசசர்?

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். புதிதாகக் கட்டினால் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ஏஎம்டியின் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட், பெட்டிக்குள்ளேயே கூலர் வருகிறது. 2022இல் வந்த அந்த சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால், இரண்டு வருடம் கழித்து மதர்போர்டை மாற்றாமல் எட்டுக் கோருக்கோ பன்னிரண்டு கோருக்கோ போகலாம். இதில் சிறிய கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. கார்டு பழுதானாலும் திரையில் படம் வரும், எது கெட்டது என்று கண்டுபிடிக்க உதவும்.

வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் 32 ஜிபி சும்மா கிடந்தால் கணக்கு மாறும். அப்போது ஏஎம்4 போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போடுங்கள். எட்டுக் கோர், சிமுலேஷனுக்கு (தண்ணீர், புகை போன்றவற்றின் அசைவைக் கணக்கிடுவதற்கு) நல்லது. கூலர் மட்டும் தனியாக வாங்க வேண்டும். இன்டெல்லில் ஐ5 12400எஃப் இன்றும் மோசமில்லை.

செகண்ட் ஹேண்டில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 மலிவாகக் கிடைத்தால் நிதானம் தேவை. அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் சில்லு தேய்ந்துபோகும் பிரச்சினை 2024இல் வெளிவந்தது. இன்டெல் சரிசெய்யும் மைக்ரோகோடு (சில்லின் உள் மென்பொருள்) கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கனவே தேய்ந்த சில்லை மைக்ரோகோடு மீட்காது.

ரேம் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது? 16 ஜிபியில் தொடங்கலாமா?

செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்காக மெமரி உற்பத்தி அந்தப் பக்கம் போய்விட்டது. 2025 கடைசியிலிருந்து எங்கும் இதே கதைதான். 3டிக்கு 32 ஜிபி என்பதை பிளெண்டரே பரிந்துரை அளவாகச் சொல்கிறது. கட்டாயம் 16இல்தான் தொடங்க வேண்டும் என்றால் ஒற்றைக் குச்சியாக 16 ஜிபி வாங்கி, பிறகு அதே மாடலில் இன்னொன்று சேருங்கள். ஒற்றைக் குச்சியில் கேம் கொஞ்சம் மந்தமாக ஓடும், தம்பி சில மாதம் பொறுத்துக்கொள்ளட்டும். இரண்டு 8 ஜிபி வாங்கினால் பின்னால் இரண்டையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஏஎம்5 போர்டுகளில் நான்கு டிடிஆர்5 குச்சிகளையும் செருகினால் வேகம் இறங்கிவிடுகிறது.

மின்னும் விளக்கு வைத்த ரேம், 6000க்கு மேல் வேகம் என்பதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்ய மட்டும் மறக்க வேண்டாம். அதைச் செய்யாமல் வருடக்கணக்கில் குறைந்த வேகத்தில் ஓடும் கணினிகள் நிறைய.

எஸ்எஸ்டி எவ்வளவு?

ஒரு டிபி என்விஎம்இ. ஜென் 4 போதும். முடிந்தால் டிஎல்சி வகை வாங்குங்கள்; தண்ணீர், புகை சிமுலேஷன் பல பத்து ஜிபி தற்காலிகக் கோப்புகளை ஒரே மூச்சில் எழுதும், க்யூஎல்சி வகை அங்கே மூச்சு வாங்கும். வேலைக் கோப்புகளுக்கு வேறொரு வட்டிலும் நகல் இருக்கட்டும்.

லோட் ஷெட்டிங்தான் குறைந்துவிட்டதே, யுபிஎஸ் இன்னும் தேவையா?

2023 போன்ற வருடம் திரும்ப வேண்டாம் என்றுதான் எல்லாரும் வேண்டுகிறோம். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது, லோட் ரிடக்ஷன் (சுமை தாங்காத பகுதிகளில் மட்டும் மின்சாரத்தை நிறுத்துவது) எதுவும் போய்விடவில்லை. மேலும் கணினியைக் கெடுப்பது மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் நொடி. அந்த நேரத்தில் வோல்டேஜ் துள்ளும். கௌதெங் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடைக்கால மாலை இடியும் சேர்ந்துகொள்கிறது. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவதுதான் அங்கே மலிவான வைத்தியம். ஃபைபர் ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

பவர் சப்ளையிலிருந்து தொடங்கலாம். மேலே சொன்ன கார்டுகளுக்கு நல்ல 650 வாட் தாராளம். 80 பிளஸ் ப்ரோன்ஸ் (வெண்கலம்) அல்லது கோல்ட் முத்திரை, ஐந்து வருடமாவது உத்தரவாதம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. அதனால் உத்தரவாத வருடங்களையும் பாருங்கள். கேஸோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

யுபிஎஸ் பெட்டியில் போட்டிருக்கும் எண் விஏ. 1000 விஏ என்றால் வாட் கணக்கில் பெரும்பாலும் 600 அளவுதான். ரெண்டர் ஓடும்போது இந்தக் கணினி மானிட்டரோடு சேர்த்து 350 வாட் வரை இழுக்கும். சாதாரண 1000 விஏ யுபிஎஸ்ஸின் ஈய பேட்டரி அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கினால் நல்லது. கோப்பைச் சேமித்து அணைக்க அது போதும், விளையாட்டை முடிக்கப் போதாது. மலிவான யுபிஎஸ்ஸில் வரும் படிக்கட்டு அலை சில பவர் சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. மின்சாரம் போன கணமே கணினியும் அணைந்துவிடும். ப்யூர் சைன் வேவ் என்று போட்டிருப்பதை வாங்க முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு மணி நேர வெட்டையும் தாண்டி ஓட வேண்டும் என்றால் ஒரு கிலோவாட் மணி லித்தியம் பேட்டரியோடு கூடிய இன்வர்ட்டர். 350 வாட்டில் இழப்பு போக இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் வரும். தொலைக்காட்சிக்கும் விளக்குக்கும் வாங்கிய டிராலி இன்வர்ட்டர் வீட்டில் ஏற்கனவே நிற்கிறதா? முதலில் அதில் போட்டுப் பாருங்கள்.

ரெண்டர் பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சா?

நேராக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்தால் போச்சு. படங்களின் வரிசையாகச் செய்தால் போகாது.

ஒரு உதாரணம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து சேர்ந்ததைப் பள்ளிக்காக 30 விநாடி அனிமேஷனாகச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 720. ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு நிமிடம் என்றால் முழுதாக 24 மணி நேரம். இந்த நேரத்துக்குள் கரண்ட் ஒரு தடவையாவது கண்ணடிக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

பிளெண்டரின் அவுட்புட் பகுதியில் பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஓவர்ரைட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் மறுபடி ரெண்டர் கொடுத்தால், முடிந்த ஃப்ரேம்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதி எழுதி நின்ற கடைசிப் படத்தை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள். அலைகளுக்கு முழுத் தண்ணீர் சிமுலேஷன் போடாமல் ஓஷன் மாடிஃபையர் (அலைகளை எளிதாக உருவாக்கும் பிளெண்டர் கருவி) பயன்படுத்தினால் பிராசசரும் வட்டும் தப்பிக்கும். கப்பல் முகப்பில் நீர் சிதறும் ஷாட்டுக்கு மட்டும் சிமுலேஷனை வைத்துக்கொள்ளலாம்.

மின் கட்டணத்துக்கும் ஒரு கணக்கு: 300 வாட் சராசரியில் 24 மணி நேரம் என்றால் 7.2 யூனிட். ப்ரீபெய்டு மீட்டர் வீட்டில் அம்மா கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது. கார்டின் பவர் லிமிட்டை 75 விழுக்காட்டுக்கு இறக்கினால் வேகம் சிறிதளவே குறையும். சூடும் சத்தமும் நன்றாகவே குறையும்.

சென்னைக்குப் போகிறோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்தால் மலிவா?

பெரும்பாலும் இல்லை. அங்கே 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டியே வாங்குவீர்கள். திரும்பி வரும்போது ஒருவருக்கு 5,000 ரேண்ட் வரையிலான பொருளுக்குத்தான் வரி விலக்கு. அதற்கு மேல் 20,000 ரேண்ட் வரை ஒரே விகிதமாக 20 விழுக்காடு கட்டலாம். கூரியரில் வரவழைத்தால் 15 விழுக்காடு வாட். அதையும் பொருளின் மதிப்போடு பத்து விழுக்காடு சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், ஆக உண்மையில் 16.5. கிளியரன்ஸ் கட்டணம் வேறு.

பணத்தைவிடப் பெரிய தலைவலி உத்தரவாதம். இந்தியாவில் வாங்கிய கார்டை இங்குள்ள விநியோகஸ்தர் பெரும்பாலும் தொடமாட்டார். எஸ்எஸ்டி, ரேம் போல சின்னதாக, அரிதாகவே கெடும் பொருளை வேண்டுமானால் கைப்பையில் கொண்டுவரலாம். அங்கே கிடைக்கும் சிறிய பின் மின் கேபிள் இங்கே சுவரில் பொருந்தாது. ஆனால் அதற்காக அடாப்டர் தேட வேண்டாம், கெட்டிலுக்குப் போடும் அதே மாதிரி மின் கேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

கார்டு, பிராசசர், கேஸ், மானிட்டர் வாங்கலாம். பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் புதிதாகவே இருக்கட்டும். 2022 செப்டம்பரில் எதீரியம் கிரிப்டோ நாணயத்தின் மைனிங் முடிவுக்கு வரும்வரை 3060 போன்ற கார்டுகள் இரவு பகலாக ஓடின. அப்படி ஓடிய கார்டு எல்லாமே குப்பை என்பதில்லை. ஃபேன் தேய்ந்திருக்கும், சூடு கடத்தும் பசை காய்ந்திருக்கும், இரண்டும் மாற்றக்கூடியவைதான். விற்பவர் வீட்டிலேயே பிளெண்டர் பெஞ்ச்மார்க்கை இருபது நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி தெறித்தாலோ, வெப்பம் 85ஐத் தாண்டினாலோ, விற்பவர் அவசரப்படுத்தினாலோ கிளம்பிவிடுங்கள். டர்பன் கடற்கரை ஓரத்து வீடு என்றால் போர்ட்டுகளில் பச்சைப் பூச்சும் துருவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்று உலோகத்தைத் தின்னும்.

அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட பிராண்டட் கணினியை வாங்கிக் கார்டு செருகலாம் என்பது நல்ல யோசனைதான், சில மாடல்களுக்கு மட்டும். பலவற்றில் பவர் சப்ளை சொந்த அளவில், சொந்தச் செருகியோடு இருக்கும், மாற்ற முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம்.

பொருள் பழுதாக வந்தால் கடைக்காரர் சொல்வதுதான் சட்டமா?

இல்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவரின் உரிமை. "நாங்கள் ரிப்பேர் மட்டும்தான் செய்வோம்" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இது செல்லும். இணையத்தில் வாங்கினால் இன்னொரு வசதி: கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. தனி நபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் அந்த இருபது நிமிடச் சோதனை.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் கடையில் லே-பை (சிறுகச் சிறுகக் கட்டி முடித்ததும் பொருளைப் பெறுவது) உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வட்டி இல்லை, பொருள் மட்டும் தாமதமாக வரும். மாதத் தவணைக் கடனைவிட எவ்வளவோ மேல்.

நல்ல கார்டு வாங்கினால் ஆன்லைன் கேமில் லாக் போகுமா?

போகாது. ஜோகன்னஸ்பர்க்கில் சர்வர் இருக்கும் கேமில், உதாரணமாக கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2இல், டர்பனிலிருந்து நன்றாகவே இருக்கும். ஐரோப்பா சர்வரில்தான் ஆட வேண்டும் என்றால் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 150 மில்லிசெகண்டை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கும். அது கடலடி கேபிளின் தூரம். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறினால் துள்ளல் கொஞ்சம் அடங்கும்.

கேஸ், ஃபேன்?

முன்பக்கம் வலை, கழுவக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. கண்ணாடி முகப்பு வைத்த கேஸ் டர்பன் ஜனவரிக்கு ஆகாது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டரில் இருப்பதால் காற்று மெலிது, அதே ஃபேன் அங்கே கொஞ்சம் குறைவாகவே குளிர்விக்கும்.

நானே பூட்டலாமா?

தாராளமாக. ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு மதியம். பிராசசரின் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்துங்கள், ரேமை இரு பக்கமும் சொடுக்கும்வரை அழுத்துங்கள், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். "கார்டு வேலை செய்யவில்லை" என்று வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கடைசி விஷயம்தான்.

இப்போது முழுதும் வாங்க முடியாது. எதைத் தள்ளிப்போடலாம்?

இரண்டாவது ரேம் குச்சி, இரண்டாவது எஸ்எஸ்டி, பெரிய மானிட்டர். இந்த மூன்றும் நவம்பர் பிளாக் ஃப்ரைடே வரை காத்திருக்கலாம். கார்டுக்கே பணம் போதவில்லை என்றால் 7600இன் உள் கிராபிக்ஸில் மாடலிங், ரிக்கிங் (உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு அமைப்பது) கற்றுக்கொண்டே சில மாதம் ஓட்டலாம். முதல் செமஸ்டர் பாடம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அந்தச் சில மாதம் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.